கப்பலை அப்புறம் பார்க்கலாம், முதலில் காணியைப் பிடியுங்கள்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மனைவியின் பாட்டி வைத்திருந்த பழைய பைபிளில் ‘யோஹான்னஸ் ஷ்னைடர், ஜெர்மனியிலிருந்து 1738, லான்காஸ்டர் கவுண்டியில் 200 ஏக்கர்’ என்று ஒரே ஒரு வரி. (லான்காஸ்டர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கிறது; கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி.) இணையத்தில் தேடினால் அதே பெயரில் மூன்று பேர், மூன்று கப்பல்களில். இவர்களில் நம்மவர் யார், அந்த நிலம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கப்பலைப் பற்றிய கேள்வி மாதிரி தெரிந்தாலும் விஷயம் வேறு. ஒரே பெயருள்ள பல பேரில் உங்கள் ஆளைப் பிரித்தெடுப்பது எப்படி என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. அதற்குக் கப்பல் பட்டியல் கடைசியாகப் பார்க்க வேண்டிய காகிதம். எல்லோரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

நான் தமிழ்நாட்டில் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் வீட்டோடு பென்சில்வேனியாவுக்கு வந்த பிறகு, பொழுது போகாமல் ஒரு கவுண்டி வரலாற்றுச் சங்கத்துக்கு வாரம் இரண்டு நாள் உதவப் போனேன். பதினோரு வருடமாக மற்றவர்களுடைய முப்பாட்டன்களின் நிலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அளவைக் காகிதம் என் கைப்பழக்கம். பழைய ஜெர்மன் கையெழுத்து அப்படி இல்லை. தேவாலயப் பதிவில் நாலு வரி படிக்க இன்றைக்கும் பக்கத்து மேஜைக்காரரைத்தான் கூப்பிடுகிறேன். அதனால் நிலத்தைப் பற்றி நான் எழுதுவதை நம்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனிப் பக்கத்து ஆவணம் எது கிடைத்தாலும் அந்த எழுத்து படிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் முடிவுக்கு வராதீர்கள்.

கப்பல் பட்டியலில் உறுதியானது எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1727 செப்டம்பரிலிருந்து பிலடெல்ஃபியாவில் இறங்கிய ஜெர்மானிய ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று அங்கிருந்த அரசு விதித்தது. அதனால் ஒரு கப்பலுக்கு மூன்று பட்டியல் வரை இருக்கும். ஒன்று கப்பல் தலைவர் எழுதிக் கொடுத்தது. மற்ற இரண்டும் இருவேறு உறுதிமொழிகளின் கீழ் பயணிகளே கையெழுத்திட்டவை. எழுதத் தெரியாதவர் பெயரை எழுத்தர் எழுதுவார், நடுவில் இவர் ஒரு கீறல் போடுவார். 1808 வரையான பட்டியல்களை ஸ்ட்ராஸ்பர்கர், ஹிங்கே என்ற இருவர் 1934-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். இரண்டாம் தொகுதி முழுக்க அசல் கையெழுத்துகளின் நகல். இதற்கு முன் 19-ஆம் நூற்றாண்டில் வந்த பழைய பெயர்த் தொகுப்பில் தவறாகப் படித்த பெயர்கள் நிறைய. இணையத்தில் சுற்றுவதில் கணிசமான பங்கு அந்தப் பிழைகள்தான்.

இனி அந்தப் பட்டியலில் இல்லாதவை. பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்களைத்தான் உறுதிமொழிக்கு வரிசையில் நிறுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும் சில கப்பல் தலைவர்களின் பட்டியலில் மட்டும் தென்படுவார்கள். அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தவர் கையெழுத்துப் பட்டியலில் விடுபட்டிருக்கலாம். எந்த ஊர்க்காரர் என்பது பெரும்பாலும் இருக்காது. ‘பாலட்டைன்’ என்று எழுதியிருந்தால் தென்மேற்கு ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதிக்காரர் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. வூர்ட்டம்பர்க்காரரையும் ஹெஸ்ஸன்காரரையும் சுவிட்சர்லாந்துக்காரரையும்கூட ஆங்கிலேயர் அந்த ஒரே சொல்லால்தான் அழைத்தார்கள். ஜெர்மனி என்று ஒரு நாடே அப்போது கிடையாது. ஆக, பட்டியலில் யோஹான்னஸ் ஷ்னைடர் என்று ஒரு பெயர் இருப்பது, அந்தப் பெயரில் ஒருவர் வந்தார் என்பதற்கு மட்டுமே சாட்சி.

அந்தப் பெயர் எவ்வளவு சாதாரணம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஷ்னைடர் என்றால் தையல்காரர். ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். இங்கே வந்த பிறகு ஸ்னைடர் ஆனார்கள், சிலர் மொழிபெயர்த்து டெய்லர் என்றே வைத்துக்கொண்டார்கள். ஸிம்மர்மன் கார்ப்பென்டர் ஆன கதையும் அதுதான். ஹூபர் ஹூவராக மாறி ஒரு ஜனாதிபதியைத் தந்தது. 1741-இல் பிலடெல்ஃபியாவில் இறங்கிய ஐசன்ஹவர் குடும்பம் எழுத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு இன்னொருவரைத் தந்தது. முதற்பெயரிலும் ஒரு பொறி உண்டு. யோஹான் கேயோர்க், யோஹான் பீட்டர், யோஹான் ஆடம் என்று ஒரே வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கும் யோஹான் முன்னால் நிற்கும். கூப்பிடும் பெயர் இரண்டாவதுதான். ஆனால் யோஹான்னஸ் என்று முழுதாக இருந்தால் அதுவே கூப்பிடும் பெயர். உங்கள் பைபிளில் இருப்பது யோஹான்னஸா, யோஹானுக்குப் பின்னால் ஏதோ அழிந்துபோயிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அற்ப விஷயம் மாதிரி தோன்றும். ஆளே மாறிவிடும்.

நான் மாட்டிக்கொண்ட கதை இது. முதல் வருடம் ஒரு குடும்பத்துக்காக எட்டு மாதம் உழைத்து, கப்பல், நிலம், உயில், பேரப்பிள்ளைகள் என்று அழகாக ஒரு மரம் வரைந்து கொடுத்தேன். பிறகு ஒருநாள் உயிலின் அசலைப் பார்த்தேன். என் ஆள் கொட்டை எழுத்தில் தெளிவாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். கப்பல் பட்டியலில் அதே பெயர்க்காரர் வைத்திருந்தது வெறும் கீறல். நாற்பது வயதுக்கு மேல் எழுதக் கற்றுக்கொண்டாரோ என்று என்னை நானே ஒரு வாரம் ஏமாற்றிக்கொண்டேன். அப்புறம் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், இரண்டு பேருக்கும் தனித்தனி நிலம், நடுவே ஏழு மைல். அன்றிலிருந்து கப்பலை ஓரம் வைத்துவிட்டு நிலத்திலிருந்து தொடங்குகிறேன்.

பென்சில்வேனியாவில் நிலம் பென் குடும்பத்துக்குச் சொந்தம். அரசரிடமிருந்து மொத்தமாக வாங்கியவர்கள் அவர்கள்; மற்றவர்கள் அவர்களிடம் விலைக்கு வாங்க வேண்டும். வர்ஜீனியாவிலும் தெற்குக் கரோலினாவிலும் வந்து குடியேறிய தலைக்கு 50 ஏக்கர் என்று கொடுத்த வழக்கம் இங்கே இல்லை. 1732-லிருந்து 100 ஏக்கருக்கு 15 பவுண்டு 10 ஷில்லிங். அதற்கு மேல் ஆண்டுதோறும் ஏக்கருக்கு அரை பென்னி தீர்வை. வாங்குகிறவர் முதலில் விண்ணப்பம் கொடுப்பார். அதன்மேல் ‘வாரன்ட்’ பிறக்கும். கைது வாரன்ட் இல்லை. இன்னாருக்கு இன்ன இடத்தில் இத்தனை ஏக்கர் அளந்து கொடு என்று நில அளவருக்குப் போகும் உத்தரவு. அளவர் போய் அளந்து படம் வரைவார். அளவு அறிக்கை அலுவலகத்துக்குத் திரும்பும். பாக்கிப் பணத்தைக் கட்டினால் கடைசியில் ‘பேட்டன்ட்’ கிடைக்கும். நம் பேச்சில் சொன்னால் அதுதான் தாய்ப்பத்திரம்.

நம் ஊரில் பட்டாவுக்கும் கிரயப் பத்திரத்துக்கும் குழம்புவதுபோல் இங்கே எல்லோரும் வாரன்ட் தேதியையும் பேட்டன்ட் தேதியையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வாரன்ட் 1740-களில், பேட்டன்ட் அதற்கு ஐம்பது வருடம் கழித்து வேறொருவர் பெயரில் என்பது இங்கே சகஜம். காசைக் கட்டி முடிக்காமலேயே நிலத்தை விற்றார்கள், பிள்ளைகளுக்குப் பிரித்தார்கள். அதனால் பேட்டன்ட் பட்டியலில் ஷ்னைடர் இல்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். மாறாக, தாமதமாக வாங்கிய பேட்டன்ட் ஒரு வரம். ‘இந்த நிலம் இன்ன தேதி வாரன்ட்டில் இன்னாருக்கு அளந்தது, அவர் இறந்தார், அவர் மகன் இன்னார் இன்னாருக்கு விற்றார்’ என்று முழுச் சங்கிலியையும் அதில் எழுதுவார்கள். உயில் கிடைக்காத இரண்டு குடும்பங்களுக்கு நான் தலைமுறைகளைக் கோத்தது இந்த ஒரு பத்தியை வைத்துத்தான்.

வாரன்ட்டில் இன்னொரு வரியையும் தேடுங்கள். வட்டி இன்ன வருடம் மார்ச் முதல் தேதியிலிருந்து கணக்காகும் என்று சிலவற்றில் இருக்கும். வாரன்ட் வாங்குவதற்கு முன்பே அவர் அங்கே குடிசை போட்டு உழுதுகொண்டிருந்தார், அந்த வருடங்களுக்கும் சேர்த்து வட்டி கட்டு என்று அர்த்தம். அவர் உண்மையில் எப்போது அந்த மண்ணில் கால் வைத்தார் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி அபூர்வம். வில்லியம் பென் 1718-இல் இறந்த பிறகு, குடும்ப வழக்குகளால் 1732 வரை நிலம் முறையாக விற்பனையாகவில்லை. ஆட்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். துல்பெஹாக்கன் பள்ளத்தாக்கில் 1723-இலேயே நியூயார்க்கிலிருந்து இறங்கிவந்த ஜெர்மானியர் உழத் தொடங்கிவிட்டார்கள். அந்த மண் அப்போது லெனாபே என்ற பூர்வகுடி மக்களுடையது. அவர்கள் தலைவர் சசூனான் முறையிட்டும், விற்பனை எழுதப்பட்டது 1732-இல்தான். வெறும் காட்டைத் திருத்தினோம் என்று குடும்பக் கதைகள் சொல்லும். அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் உங்கள் குறிப்பில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரன்ட்டுகளும் அளவைப் படங்களும் ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அளவைப் படங்களின் பிரதிகளையும் வாரன்ட் பதிவேடுகளையும் அவர்களுடைய இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். பதிவேடு கவுண்டி வாரியாக, பெயரின் முதல் எழுத்து வாரியாக இருக்கும். இங்கேதான் உங்கள் ‘லான்காஸ்டர் கவுண்டி’ உங்களைத் தடுக்கி விழவைக்கும். 1738-இல் லான்காஸ்டர் என்பது இன்றைய லான்காஸ்டர் மட்டும் இல்லை. செஸ்டரிலிருந்து 1729-இல் பிரிந்தபோது அதற்கு மேற்கில் எல்லையே கிடையாது. 1749-இல் யார்க்கும் 1752-இல் பெர்க்ஸின் ஒரு பகுதியும் அதிலிருந்து போயின. 1785-இல் டௌபின், அதிலிருந்தும் லான்காஸ்டரிலிருந்தும் 1813-இல் லெபனான். ஒரு குடும்பம் அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே மூன்று கவுண்டிக்காரர்களாக ஆகியிருக்கும். காகிதங்கள் அந்தந்தக் காலத்தில் எந்தக் கவுண்டியோ அந்த நீதிமன்றத்திலேயே தங்கிவிட்டன. 1760-இல் எழுதிய உயிலை இன்றைய லெபனான் கவுண்டியில் போய்க் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

அளவைப் படத்தைக் கையில் எடுத்ததும் ஏக்கரைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். நாலு பக்கமும் அண்டை நிலக்காரர்களின் பெயர் எழுதியிருக்கும். நம் பத்திரத்தில் ‘வடக்கில் இன்னார் நிலம், கிழக்கில் ஓடை’ என்று எழுதுவோமே, அதேதான். கோடுகள் வெள்ளைக் கருவாலி மரம், ஹிக்கரி மரம், கற்குவியல் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்; மரம் போய் இருநூறு வருடம் ஆகியிருக்கும், ஓடையும் அதன் வளைவும் இருக்கும். நீளம் ‘பெர்ச்’ கணக்கில்: ஒரு பெர்ச் பதினாறரை அடி, நாலு பெர்ச் ஒரு சங்கிலி, 160 சதுர பெர்ச் ஒரு ஏக்கர். இலங்கையில் காணி வாங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் தாத்தா காலத்து அறுபத்தாறடிச் சங்கிலியும் இதுவேதான். ‘ஆறு சதவீதம் சாலைக்குச் சேர்த்து’ என்று ஒரு தொடர் வரும். சாலை போடுவதற்காகக் கூடுதலாக அளந்து விட்டது அது. 200 ஏக்கர் வாரன்ட்டில் 212 வந்தால் யாரும் ஏமாற்றவில்லை. அதேபோல் பைபிளில் உள்ள 200 என்ற எண்ணுக்கு மிகவும் மயங்க வேண்டாம். வாரன்ட்டில் கேட்டது ஒன்று, அளந்தால் வருவது இன்னொன்று, குடும்பம் நினைவில் வைத்துக்கொள்வது முழு எண்.

பல நகரியங்களுக்கு (கவுண்டியின் உட்பிரிவுகள்) இந்தப் படங்களை ஒன்றோடொன்று பொருத்தி வரைந்த வரைபடங்கள் இருக்கின்றன. உங்களுடையதற்கு இல்லையென்றால், படத்தைத் தாளில் சரியான அளவுக்கு வரைந்து, ஓடையின் வளைவை வைத்து இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் ஒட்டிப் பாருங்கள். பழைய எல்லை பல இடங்களில் இன்றும் வேலியாக, மரவரிசையாக, சாலையின் திடீர்த் திருப்பமாகத் தெரியும். முதல் தடவை அப்படிப் பொருந்தியபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

நிலம் கிடைத்த பிறகு ஆளை உறுதிப்படுத்தும் காகிதம் வரிப் பட்டியல். கலியாணம் ஆகாத ஆண்களை அதில் தனியாக எழுதுவார்கள். உங்கள் ஆளின் மகன் எந்த வருடம் அந்த வரிசையிலிருந்து குடும்பத்தார் வரிசைக்கு மாறுகிறான் என்று பார்த்தால் திருமண வருடம் தோராயமாகத் தெரிந்துவிடும். அடுத்தது குடியுரிமைப் பட்டியல். வெளிநாட்டார் வாங்கிய நிலம் பிள்ளைகளுக்குச் சட்டப்படி போய்ச் சேருமா என்பது கேள்விக்குறியாக இருந்ததால், நிலம் வைத்திருந்தவர்களுக்கு இது அவசியமாக இருந்தது. 1740-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டப்படி ஏழு வருடம் குடியிருந்து, முந்தைய மூன்று மாதத்துக்குள் தேவாலயத்தில் திருவிருந்து வாங்கியிருக்க வேண்டும். பல பட்டியல்களில் பெயருக்கு எதிரே நகரியம், கவுண்டி, திருவிருந்து வாங்கிய தேதி மூன்றும் இருக்கும். பெயரையும் மண்ணையும் ஒரே வரியில் கட்டிப்போடுவது அதுதான். பட்டியலில் இல்லாவிட்டால் கவலையில்லை, வாங்காதவர்களும் ஏராளம்.

அவர் மகன்களுக்கு நிலம் பிரிந்த கணக்கைப் பார்க்கும்போது, உயில் எழுதாமல் இறந்தால் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு என்பது அன்றைய பென்சில்வேனியாச் சட்டம் என்பதை நினைவில் வையுங்கள். ஏழு பங்கு இருந்தால் பிள்ளைகள் ஏழு பேர் என்று எண்ணிவிடாதீர்கள், ஆறு பேராக இருக்கலாம்.

இப்போது 1738. அந்த வருடத்துக் கப்பல்களில் நோயும் சாவும் கடுமை. ராட்டர்டாமில் ஏறியவர்களில் பலர் பிலடெல்ஃபியாவைப் பார்க்கவேயில்லை. தந்தை கடலில் இறந்து, பன்னிரண்டு வயதுப் பையன் மட்டும் இறங்கியிருந்தால் கையெழுத்துப் பட்டியல்களில் அந்தப் பெயர் இருக்காது. குடும்பமோ ‘1738’ என்று சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கும். பயணக் கட்டணம் கட்ட முடியாதவர்களை, பணம் கட்டியவரிடம் சில வருடம் ஊழியம் செய்ய எழுதிக்கொடுத்தார்கள். சிறுவர்கள் என்றால் இருபத்தொரு வயது வரை. அதனால் கப்பலுக்கும் வாரன்ட்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு வருட இடைவெளி இருந்தால் பயப்பட வேண்டாம். தேதிகளிலும் ஒரு எச்சரிக்கை. 1752 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் புத்தாண்டு மார்ச் 25. நாட்காட்டியும் ஜெர்மனியைவிடப் பதினொரு நாள் பின்தங்கியிருந்தது. பெரும்பாலான கப்பல்கள் இலையுதிர் காலத்தில் வந்ததால் வந்த வருடத்துக்குச் சிக்கல் இல்லை. பிப்ரவரியில் எழுதிய வாரன்ட்டுக்கும் ஞானஸ்நானப் பதிவுக்கும்தான் வருடம் ஒன்று தள்ளிப்போகும்.

கடைசியாக, ஜெர்மனியில் எந்த ஊர். இதற்கும் அண்டை நிலக்காரர்கள்தான் வழி. ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றாகக் கப்பலேறி, ஒன்றாக நிலம் தேடி, ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் ஞானத்தாயாகவும் ஞானத்தந்தையாகவும் நின்றார்கள். அந்தப் பகுதியின் லூத்தரன், சீர்திருத்த சபைப் பதிவுகளில் ஷ்னைடர் பிள்ளைகளுக்கு யார் நின்றார்கள் என்று குறித்துக்கொண்டு, அதையும் அளவைப் படத்தின் ஓரத்துப் பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிரியார் யோஹான் காஸ்பர் ஸ்டோவர் 1730 முதல் 1779 வரை குதிரையேறி ஊர் ஊராகப் போய் எழுதிய ஞானஸ்நான, திருமணப் பதிவு இந்தப் பகுதிக்கு ஒரு புதையல். 1742-இல் பென்சில்வேனியாவுக்கு வந்த லூத்தரன் பாதிரியார் மூலன்பெர்க்கை அனுப்பியது ஜெர்மனியின் ஹாலே நகரம். தரங்கம்பாடியில் 1706-இல் இறங்கிய சீகன்பால்குவின் பின்னால் நின்று உதவியதும் அதே ஹாலேதான். அங்குள்ள ஃப்ராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் பென்சில்வேனியாக் கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. உங்கள் வீட்டில் இந்த இரண்டு பக்கமும் சேர்ந்திருப்பதால் சொன்னேன்.

அண்டை வீட்டாரில் இரண்டு பேருக்கு ஒரே ஜெர்மன் ஊர் என்று தெரிந்தால் அந்த ஊர்ச் சபைப் பதிவில் தேடலாம். சில பாதிரியார்கள் பெயருக்கு ஓரத்தில் ‘பென்சில்வேனியாவுக்குப் போனார்’ என்றே எழுதி வைத்தார்கள். அப்படி ஒரு குறிப்பு இல்லையென்றால், ஒரு யோஹான்னஸ் ஷ்னைடர் அங்கே பிறந்தார் என்பது மட்டும் போதாது. அதே ஊரில் அவருக்குப் பிற்காலத்தில் திருமணமோ அடக்கமோ இல்லை என்பதையும் பார்த்தாக வேண்டும். முப்பதாண்டுப் போரிலும் 1689-இல் பிரெஞ்சுப் படை பாலட்டினேட்டை எரித்தபோதும் எத்தனையோ ஊர்ப் பதிவுகள் போய்விட்டன. அப்படிப்பட்ட ஊர் என்றால் தலைமுறைத் தேடல் அந்த நெருப்போடு நின்றுவிடும்.

குடும்பச் சின்னம் விற்கும் கடைகளையும், மூன்று சகோதரர்கள் வந்தார்கள் என்ற கதையையும், எல்லிஸ் தீவில் பெயரை மாற்றினார்கள் என்பதையும் ஒதுக்கிவிடுங்கள். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைப் பதிவு செய்த அந்தத் தீவு நிலையம் திறந்ததே 1892-இல். டி.என்.ஏ. சோதனை செய்யலாம், ஆனால் எட்டுத் தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் பங்கு உடலில் மிகச் சொற்பம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

உங்கள் மூன்று ஷ்னைடர்களில் யார் நம்மவர் என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது. கப்பல் பட்டியலை மட்டும் வைத்து யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லான்காஸ்டர் வாரன்ட் பதிவேட்டில் ‘எஸ்’ எழுத்துப் பக்கங்களை எடுங்கள். ஷ்னைடர், ஸ்னைடர், ஸ்னிடர் என்று எப்படி எழுதியிருந்தாலும் 1733 முதல் 1760 வரை உள்ளதை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அளவைப் புத்தகத்தின் எண்ணும் பக்கமும் இருக்கும். அந்தப் படங்களை இறக்கி, நாலு எல்லையிலும் யார் யார் பெயர் இருக்கிறது என்று மட்டும் எழுதி இங்கே போடுங்கள். மிச்சத்தை அதிலிருந்து பார்க்கலாம்.